வெள்ளாந்துறைத் தாக்குதலின் ஐந்து விளைவுகள்

சண்முகக்கனி செத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. இந்த வருடமும் வெள்ளாந்துறைப் பள்ளிக்கூடத்தின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வரலாற்றுச் செய்முறைத் தேர்வில் இருபதுக்கு இருபது அவள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அன்று மாதிரித் தேர்வு. வகுப்பறை மூலையில் பீரோ உயரத்துக்கு நிற்கும் சாட்சிப் பெட்டியின் கண்ணாடிக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. சேலைக்கு மேலே துறைமுகக் கம்பெனியின் நீலச் சட்டை, இழுத்துப் போட்ட கொண்டை, காதில் சின்னக் கம்மல். பெரும்போர் அவளை எந்த வயதில் விட்டதோ அந்த வயதிலேயே இருந்தாள். பிரிஜித்தா டீச்சர் முதல் முதலாக அவளை அக்கா என்று கூப்பிட்டபோது டீச்சருக்கு முப்பத்திரண்டு. இப்போது நாற்பத்தொன்று ஆகிவிட்டது. கூப்பிட்டுப் பழகிய வாய் மாறவில்லை, இன்னமும் அக்காதான்.

ஆஷிகா என்ற மாணவி எழுந்து நின்று, "வெள்ளாந்துறைத் தாக்குதலின் விளைவுகள் ஐந்தினை எழுதுக" என்று கேள்வித்தாளில் இருந்தபடியே வாசித்தாள். பேசுகிறவளிடம் போய் 'எழுதுக' என்று கேட்கலாமா என்று அவளுக்கும் தோன்றவில்லை, வகுப்பில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

"ஒன்று, துறைமுக எண்ணெய்க் கிடங்கு அழிந்தது" என்றாள் சண்முகக்கனி. "இரண்டு, இருநூற்று எண்பது தொழிலாளர்கள் வீர மரணம் அடைந்தனர். மூன்று, துறைமுகப் பணிகள் ஆறு மாதம் பாதிக்கப்பட்டன. நான்கு, மக்களிடையே ஒற்றுமை ஓங்கியது. ஐந்து, உலக அமைதியின் தேவை உணரப்பட்டது."

ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் நடுவில் பிள்ளைகள் எழுதி முடிக்கும் வரை நிறுத்தினாள். முடித்ததும் வழக்கம்போல டீச்சரைப் பார்த்தாள்.

"சரியா டீச்சர்?"

பிரிஜித்தா பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினாள். சண்முகக்கனியின் முகம் தெளிந்தது.

அந்த இரண்டாவது பாயின்ட்டில் செத்துப்போனவர்களில் அவளும் ஒருத்தி. தன் சாவை ஒரு வரியில் சொல்லிவிட்டு, சரியா என்று கேட்டு நிற்கிறாள். ஒன்பது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிரிஜித்தா ஒவ்வொரு முறையும் பொத்தானை அமுக்கத்தான் செய்வாள்.

இது இப்படித் தொடங்கவில்லை. போர் முடிந்து கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில், எல்லா நாட்டுப் பிள்ளைகளும் போரைப் பற்றி அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வாயாலேயே கேட்டுப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். நல்ல விதிதான். ஆனால் பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். அதனால் செத்தவர்களின் செல்போனில் இருந்த குரல், படம், கடைசி நேரம் வரை தானாகப் பதிவான ஒலி எல்லாவற்றையும் சேர்த்து, அவர்களைப் போலவே நினைத்து, அவர்களைப் போலவே பேசும் சாட்சிகளைச் செய்தார்கள். செய்து முடித்ததும் அசல் பதிவுகளை அழித்துவிட்டார்கள். செத்தவர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறார்களாம். ஊருக்கு ஒரு சாட்சி. வெள்ளாந்துறைக்கு, நாலாம் நம்பர் கொட்டகையில் வேலைக்கு வருகிறவர்களிடம் டோக்கன் வாங்கிப் பலகையில் மாட்டுகிற வேலை பார்த்த சண்முகக்கனி. நெருப்பில் அவள் செல்போன் மட்டும் எவர்சில்வர் சாப்பாட்டுத் தூக்குக்குள் இருந்ததால் பிழைத்தது.

முதல் வருடம் அவள் பேசியதைக் கேட்டு வகுப்பே விறைத்துப்போனது. கொட்டகையின் கேட் வெளியே பூட்டியிருந்தது என்றாள். எத்தனை பேர் என்று டோக்கன் எண்ணிச் சொன்னாள். பிள்ளைகள் கேட்டார்கள், அழுதார்கள், இன்னும் கேட்டார்கள். பாடம் என்றால் இதுதான் என்று பிரிஜித்தாவுக்கு அன்று ஒரே பெருமை.

தேர்வு வந்தது. கூடவே விடைக்குறிப்பும் வந்தது. தலைநகரத்தில், குளிர்பதன அறையில் உட்கார்ந்து யாரோ எழுதிய ஐந்து பாயின்ட். அதில் கேட்டைப் பற்றியும் இல்லை, பூட்டைப் பற்றியும் இல்லை. மற்றப் பிள்ளைகள் விவரமானவர்கள். சாட்சி சொன்னதைக் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, கைடில் இருந்ததை எழுதி இருபது வாங்கினார்கள். முத்துப்பேச்சி என்ற ஒரே ஒரு பெண் மட்டும், சாட்சி சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதி வைத்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் விடைக்குறிப்பைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பெரிதாக ஒரு முட்டை போட்டார். முட்டை போட்டால் இரண்டு தேர்வாளர்களும் கையெழுத்துப் போட்டுச் சீல் வைக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது கையெழுத்து, உள்தேர்வாளராக இருந்த பிரிஜித்தாவுடையது.

பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போயிற்று. அடுத்து நம் பிள்ளைக்கும் இப்படி ஆகுமோ என்று பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். "எங்க பிள்ளைங்க மார்க்குல விளையாடுதீங்களா?" என்று சத்தம் போட்டார்கள். தலைமை ஆசிரியர் ஞானதுரை பிரிஜித்தாவைக் கூப்பிட்டார். "விடைக்குறிப்பை நம்மளால மாத்த முடியாது டீச்சர். சாட்சியை மாத்தலாம்லா? பச்சை, சிவப்புன்னு ரெண்டு பொத்தானை எதுக்கு வச்சிருக்கான்?"

சாட்சி ஏதாவது பேசிப் பிள்ளைகள் மிரண்டால் தடுப்பதற்காக வைத்த பொத்தான்கள் அவை. கோடை விடுமுறையில் பிரிஜித்தா வெறும் வகுப்பறையில் சண்முகக்கனியின் எதிரே உட்கார்ந்தாள். உங்கள் பேச்சை எழுதியதால் ஒரு பெண்ணுக்கு முட்டை விழுந்துவிட்டது அக்கா, பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டாள் என்று விஷயத்தைச் சொன்னாள். பிறகு ஐந்து பாயின்ட்டையும் வாசித்துக் காட்டினாள். பூட்டு என்று வந்தால் சிவப்பு, பாயின்ட் என்று வந்தால் பச்சை. நாலே நாளில் சண்முகக்கனி தேறிவிட்டாள். இத்தனை சீக்கிரமா என்று பிரிஜித்தா அப்போது ஆச்சரியப்பட்டாள். நல்ல இயந்திரம் என்று நினைத்துக்கொண்டாள்.

விசாரணை ஆணையம் வருகிறது என்ற செய்தி மாதிரித் தேர்வுக்கு மறுவாரம் வந்தது. கொட்டகையில் மாண்டவர்களின் குடும்பங்கள் பத்து வருடமாக ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. ஏவுகணை விழுந்தது எண்ணெய்க் கிடங்கில். கொட்டகை அங்கிருந்து அரை மைல். புகை வந்து சேர்வதற்குள் அத்தனை பேரும் நடந்தே வெளியே போயிருக்கலாம். ஏன் போகவில்லை? கேட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கம்பெனியோ, தொழிலாளர்கள் நாட்டுக்காகக் கடைசி வரை கப்பலில் சரக்கு ஏற்றினார்கள், வீர மரணம் என்றது. வீர மரணம் என்று எழுதிவிட்டால் பிறகு யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, எவ்வளவு வசதி. கொட்டகையிலிருந்து ஒருவரும் பிழைக்கவில்லை. சட்டப்படி செல்லுபடியாகும் சாட்சி உலகத்திலேயே ஒன்றுதான். அது பத்தாம் வகுப்பு மூலையில் நிற்கிறது.

பெட்டியை நகர்த்தக் கூடாது என்பதால் ஆணையம் வகுப்பறைக்கே வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கோமதிநாயகம் டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டச்சு செய்ய ஒரு குமாஸ்தா. ஜன்னலுக்கு வெளியே குடும்பங்கள் போட்டோக்களைப் பிடித்துக்கொண்டு நின்றன. பள்ளிக்குப் பேர் கிடைக்கட்டும் என்று தலைமை ஆசிரியர் பிள்ளைகளைச் சீருடையோடும் நோட்டோடும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். பொத்தான்களை யாரும் தொடக் கூடாது என்று நீதிபதி முதலிலேயே சொல்லி, அவற்றின் மேல் காகிதம் ஒட்டச் செய்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார். "அன்னைக்கு நாலாம் நம்பர் கொட்டகையில என்ன நடந்துச்சு?"

சண்முகக்கனி அவரைப் பார்த்தாள். குமாஸ்தாவைப் பார்த்தாள். பெஞ்சில் பேனாவும் கையுமாக இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"ஒன்று, துறைமுக எண்ணெய்க் கிடங்கு அழிந்தது" என்று தொடங்கினாள்.

ஐந்தையும் சொன்னாள். குமாஸ்தா தட்டச்சு செய்து முடிக்கும் வரை ஒவ்வொன்றுக்கும் நிறுத்திச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு கிழவர், "என்னத்தச் சொல்லுதா இவ?" என்றார்.

"கேட் பூட்டியிருந்துச்சா?" என்று நீதிபதி கேட்டார்.

"அது பாடத்துல இல்ல சார்."

வெளியே ஒரே கூச்சல். காசு வாங்கிவிட்டார்கள், பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாட்சியம் பதிவாயிருச்சு" என்று குமாஸ்தாவிடம் சொல்ல வாயெடுத்தபோது பிரிஜித்தா எழுந்துவிட்டாள்.

"உட்காருங்க டீச்சர்" என்று தலைமை ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வேலை போயிரும்."

"சார், அது அவங்க சொன்னது இல்ல" என்றாள் பிரிஜித்தா நீதிபதியிடம். "நாங்க சொல்லிக் குடுத்தது."

"பெட்டிக்கா? எப்படிம்மா சொல்லிக் குடுக்க முடியும்?"

"நம்ம மாதிரித்தான் சார் அவங்களும். எதைச் சொன்னா எதிர்ல இருக்கவங்க முகம் சுளிக்காங்களோ அதைச் சொல்ல மாட்டாங்க. பச்சைப் பொத்தானை அமுக்கினா நல்லதுன்னு எடுத்துப்பாங்க, சிவப்பை அமுக்கினா விட்டுருவாங்க. ஒன்பது வருஷமா நான்தான் அமுக்கிக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"இருபது மார்க்குக்கு."

பிரிஜித்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே நேரமில்லை.

"நாலாவது பாயின்ட்டைப் பாருங்க சார். மக்களிடையே ஒற்றுமை ஓங்கியதாம். இந்த ஊர்ல கொட்டகைக்கு ஆள் அனுப்புன வீடும் கம்பெனி ஆபீஸ்ல இருந்த வீடும் இன்னைக்கு வரைக்கும் ஒரு கல்யாணத்துல ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. இதை எழுதுனவன் இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பானா? ஆனா அதை எழுதினாத்தான் நாலு மார்க். உள்ள வெந்து செத்தவங்க வந்து சொன்னாலும் தப்பாம். செத்தவங்களையே நாங்க திருத்திட்டோம் சார்."

"பெட்டியைப் பழையபடி திருப்ப முடியாதா?"

"முடியாதாம். செஞ்சவங்ககிட்ட கேட்டுட்டேன், அசல் பதிவை அழிச்சுட்டாங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா என் நம்பிக்கையை வச்சு அறிக்கை எழுத முடியாதும்மா. சாட்சி முன்னாடி வேற மாதிரி சொல்லிச்சுன்னு எழுத்துல, அதிகாரப்பூர்வமா, கையெழுத்து சீலோட ஏதாவது இருந்தா கொண்டாங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

ரெக்கார்டு நோட்டுகளை ஒவ்வொரு கோடையிலும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதை நினைத்துச் சோர்ந்துபோய் வாசலுக்கு வந்தபோதுதான் பிரிஜித்தாவுக்கு அந்த ஒரு நோட்டு ஞாபகம் வந்தது. முட்டை விழுந்த அன்று முத்துப்பேச்சி அதை மேசையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். திருப்பிக் கொடுக்கவே இல்லை.

முத்துப்பேச்சி இப்போது இறால் உரிக்கிற கம்பெனியில் இருந்தாள். இருபத்து நான்கு வயது. தொப்பியும் கையுறையுமாக, ஐஸ் தண்ணீரில் விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். பிரிஜித்தாவைப் பார்த்ததும் நடையை மெதுவாக்கினாள்.

"என்ன டீச்சர், வழி தெரிஞ்சு வந்திருக்கீங்க."

பிரிஜித்தா நடந்ததைச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. பேச்சி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஆக, ஒன்பது வருஷம் கழிச்சு நான் எழுதுனது சரின்னு தோணிருக்கு."

"அப்பவே தெரியும் பேச்சி. வெளியிலருந்து வந்த எக்ஸாமினர் ஒத்துக்கல..."

"கையெழுத்து ரெண்டு இருக்கு டீச்சர். மேல இருக்கறது அவர். கீழ இருக்கறது யாரு?"



"நான் தோத்ததுகூடப் பெரிசில்ல" என்றாள் பேச்சி. "எங்கப்பா அன்னைக்கு எங்க நின்னாகன்னு அந்த அக்காகிட்ட கேட்டேன். சொன்னாக. கம்பெனி லிஸ்ட்டுல எங்கப்பா பேரே கிடையாது. அன்னாடங் கூலிக்குப் போன ஆளு, எழுதலைன்னுட்டான். செத்தவங்க கணக்குலகூடச் சேர்க்கல. எங்கப்பா அங்க இருந்தாகன்னு எழுதுன ஒரே காகிதம் அதுதான். அதைத்தான் நீங்க தப்புன்னு போட்டீங்க. அதுலயும் சிவப்பு மையில."

"அந்த நோட்டு..."

"எங்கப்பா போட்டோவுக்குப் பின்னாடி இருக்கு. வேற எங்க இருக்கும்?"

"நாளைக்கு அதைக் குடுப்பியா?"

பேச்சி தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். "உங்க கையில குடுக்க மாட்டேன். நானே கொண்டாருதேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் வந்தாள். பிள்ளைகள் முந்தின நாள் போலவே நோட்டும் பேனாவுமாகப் பெஞ்சில் இருந்தார்கள். பழுப்பேறிய நோட்டை நீதிபதியின் முன்னால் வைத்துவிட்டு மேசையை விட்டு நகராமல் நின்றுகொண்டாள். நீதிபதி பக்கம் பக்கமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் முட்டை. அதன் கீழே இரண்டு கையெழுத்து, வட்டச் சீல், தேதி.

தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "ஐயா, தப்புன்னு முட்டை போட்ட விடையை ஆணையம் எப்படி ஏத்துக்கும்?"

"முட்டை போட்டதுனாலதான் சார் இதுல சீல் இருக்கு" என்றார் நீதிபதி. "இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடது" என்றாள் பிரிஜித்தா. "எழுதியிருக்கறது அத்தனையும் சாட்சி சொன்னது. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். சரியான விடைன்னு தெரிஞ்சுதான் முட்டையில கையெழுத்துப் போட்டேன். இதையும் எழுதிக்கிடுங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். தலைமை ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீதிபதி நோட்டைச் சண்முகக்கனியின் பக்கம் திருப்பிக் காட்டினார். "அம்மா, இது நீங்க சொன்னதா?"

அவள் கண்ணாடிக்கு அருகே வந்து பார்த்தாள். "அது தப்பான விடை சார். அப்படிச் சொன்னா முட்டைதான் விழும்."

"விடை சரியா தப்பான்னு கேக்கலம்மா. அப்படி நடந்துச்சா இல்லையா?"

சண்முகக்கனி பெஞ்சுகளின் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிள்ளைங்க எழுதிக்கிட்டிருக்காங்கல்லா சார்."

பிரிஜித்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நாலே நாளில் தேறிய நல்ல இயந்திரம். பச்சையும் சிவப்பும் அல்ல அவளை மாற்றியது. உங்கள் பேச்சால் ஒரு பெண்ணுக்கு முட்டை விழுந்துவிட்டது என்று அன்று சொன்னாளே, அந்த ஒரு சொல். சண்முகக்கனி எதையும் மறக்கவில்லை. ஒன்பது வருடமும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் மார்க்குக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் பிரிஜித்தா இத்தனை நாளும் ராத்திரி தூங்கினாள். அந்த ஒரு சமாதானமும் இப்போது போயிற்று.

பேச்சி பெட்டியின் முன்னால் போய் நின்றாள். "அக்கா, என்னைத் தெரியுதா?"

சண்முகக்கனி உற்றுப் பார்த்தாள். "ஐயம்பெருமாள் மகதானே? வளர்ந்துட்டியே பிள்ள." உடனே அவள் முகம் வாடியது. "உனக்குத்தானே முட்டை விழுந்துச்சு. டீச்சர் சொன்னாங்க. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். உன் படிப்பே போச்சே."

"எனக்கு மார்க் வேண்டாங்க்கா."

"உனக்கு வேண்டாம். இந்தப் பிள்ளைங்களுக்கு?"

"இது பரீட்சை இல்லக்கா."

"அந்த சார் எழுதுதாங்களே" என்று சண்முகக்கனி குமாஸ்தாவைக் காட்டினாள்.

"அது மார்க்குக்கு இல்ல. எங்கப்பாவுக்கு."

சண்முகக்கனி நம்பாமல் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் இருந்த ஆஷிகா டீச்சரைப் பார்த்தாள், பிறகு பேச்சியைப் பார்த்தாள். பேனாவை மூடினாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். அடுத்தவளும் மூடினாள். பின் பெஞ்சு வரை ஒவ்வொன்றாக நோட்டுகள் மூடிக்கொண்டன. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சண்முகக்கனி நீலச் சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். இப்போது அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்லவில்லை.

"பத்து இருபதுக்கு அபாயச் சங்கு ஊதுச்சு சார். முந்தின வாரம் சங்கு ஊதினப்போ ஆளுக எல்லாம் வெளிய ஓடிட்டாங்க, கப்பல் பாதிச் சரக்கோட போச்சு. அதுனால அன்னைக்குக் காலையிலயே சூப்பர்வைசர் வெளியில பூட்டுப் போட்டுட்டு சாவியைக் கொண்டு போயிட்டாரு. பலகையில முன்னூத்திப் பன்னெண்டு டோக்கன் தொங்குச்சு. நான்தான் மாட்டுனேன். இருநூத்தி எண்பது கம்பெனி ஆளு, முப்பத்திரெண்டு கூலி ஆளு. நான் அவருக்கு ஏழு தடவை போன் போட்டேன். எட்டாவது தடவை எடுத்தாரு. சங்கு நின்னதும் தொறக்கேன், அதுவரைக்கும் வேலையைப் பாக்கச் சொல்லுன்னாரு. ஆளுகளும் வேலையைப் பாத்தாங்க சார். புகை வர்ற வரைக்கும் மூட்டை தூக்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க. திறந்துருவாருன்னு நான்தான் சொன்னேன். என் பேச்சை நம்புனாங்க."

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கம்பியை ஒட்டி நெருங்கினார்கள்.

"இவங்கப்பா டோக்கன் இருநூத்தித் தொண்ணூத்தேழு. கேட் பக்கத்துல நின்னாரு. கடப்பாரையை வச்சு நெம்பிக்கிட்டே இருந்தாரு. மத்தவங்க உட்கார்ந்த பிறகும் அவரு உட்காரல. கடைசியா எனக்குக் கேட்ட சத்தம் அந்தக் கடப்பாரைச் சத்தம்தான்."

பேச்சி அழவில்லை. கண்ணாடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தா முன்னூற்றுப் பன்னிரண்டு என்று தட்டச்சு செய்து, சரிபார்த்து, அடுத்த வரிக்குப் போனார்.

சொல்லி முடித்த சண்முகக்கனி பழக்கதோஷத்தில் பிரிஜித்தாவின் பக்கம் திரும்பினாள். பயந்த முகமாக இருந்தது.

"சரியா டீச்சர்?"

பிரிஜித்தாவின் கை தன்னையறியாமல் பெட்டியின் பக்கம் போயிற்று. காகிதம் ஒட்டிய பொத்தான் விரலில் பட்டதும் இழுத்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேக்காதீங்கக்கா" என்றாள். "அங்க நின்னது நீங்க."